உறவுக்காரர் இல்லாத ஊரில் ஒரு கொள்ளை
(திரையிடலுக்கு முன் ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம். கதை முழுவதையும் இவன் சொல்லிவிடுவானோ என்று முன்வரிசைக்காரர்கள் பயப்படுவது முகத்திலேயே தெரிகிறது. சொல்லத்தான் போகிறேன். 1876-இல் நடந்து முடிந்ததை நான் ஒளித்து வைத்து என்ன ஆகப் போகிறது?

'தி லாங் ரைடர்ஸ்' 1980-இல் வந்த படம், அமெரிக்காவில் நிஜமாகவே இருந்த ஒரு கொள்ளைக் கும்பலின் கதை. இயக்கம் வால்டர் ஹில், இசை ரை கூடர். ஜெஸ்ஸி ஜேம்ஸும் அவன் அண்ணன் ஃபிராங்கும் ஒரு வீடு. கோல், ஜிம், பாப் என்ற யங்கர் சகோதரர்கள் இன்னொரு வீடு. அப்புறம் மில்லர் சகோதரர்கள் இருவர், பின்னால் ஜெஸ்ஸியைச் சுட்டுக் கொல்லப்போகிற ஃபோர்டு சகோதரர்கள் இருவர். இந்த நாலு வீட்டுக்கும் நிஜத்திலேயே உடன்பிறந்த நடிகர்களைப் பிடித்துவிட்டார்கள்: கீச் சகோதரர்கள், காரடின் சகோதரர்கள், குவெய்ட் சகோதரர்கள், கெஸ்ட் சகோதரர்கள். பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் விளம்பர வித்தை மாதிரித் தெரியும். ஆனால் இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான காரியம் இல்லை என்பேன். ஏனென்றால் அந்தக் கும்பலை வாழவைத்ததே உறவுமுறைதான்.

'தம்பியுடையான் படைக்கு அஞ்சான்' என்கிறோம். சொந்த மாநிலமான மிசௌரியில் சுமார் பத்து வருஷம் இவர்கள் பிடிபடாமல் இருந்தது துப்பாக்கித் திறமையால் மட்டும் இல்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரு மாமன் வீடு, ஒரு பழைய படைத்தோழன் வீடு இருக்கும். குதிரைக்குத் தீனி, ஆளுக்குச் சோறு, விசாரிக்க வந்தவனிடம் ஒரு பொய். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் பக்கத்து ஆட்கள் என்ற அனுதாபமும் இருந்தது. 1875 ஜனவரியில் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தார் ஜேம்ஸ் வீட்டுக்குள் தீப்பற்றும் குண்டு ஒன்றை எறிந்தார்கள். தாய்க்கு ஒரு கை போனது. எட்டு வயதுத் தம்பி செத்தான். அதற்குப் பிறகு ஊர் யார் பக்கம் சாயும்?

சரி, அடுத்த வருஷம் இவர்கள் என்ன செய்தார்கள்? பல நூறு கிலோமீட்டர் வடக்கே, ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத மினசோட்டா மாநிலத்துக்குப் போனார்கள். செப்டம்பர் 7. நார்த்ஃபீல்டு என்ற ஊரின் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி. எட்டுப் பேர். மூன்று பேர் உள்ளே போக, மற்றவர்கள் தெருவில் காவல். மொத்தம் ஏழு நிமிஷம் என்பார்கள். நீண்ட கோட்டு போட்ட அந்நியர்களைப் பார்த்ததுமே ஊருக்குச் சந்தேகம். ஒருவர் சத்தம் போட, இரும்புக்கடைக்காரர் மேனிங் துப்பாக்கியோடு வருகிறார். விடுமுறைக்கு வந்த மருத்துவ மாணவன் வீலர், எதிரிலிருந்த ஹோட்டல் மாடி ஜன்னலிலிருந்து சுடுகிறான். துப்பாக்கி கிடைக்காதவர்கள் கல்லெடுத்து எறிந்தார்கள். கும்பலில் இருவர் தெருவிலேயே விழுந்தார்கள். அதில் சாட்வெல் என்பவன்தான் மினசோட்டாவில் வழி தெரிந்த ஆள்!

அப்புறம் இரண்டு வாரம் மழை, சேறு, திசை தெரியாத அலைச்சல். எந்தக் கதவைத் தட்டினாலும் அந்நியர் வீடு. கடைசியில் ஜேம்ஸ் சகோதரர்கள் தனியே பிரிந்து தப்பித்துவிட்டார்கள். பாப் யங்கருக்கு முழங்கை நொறுங்கியிருந்தது. அண்ணன்மார் இருவரும் அவனோடு நின்றார்கள், மூவரும் ஒன்றாகப் பிடிபட்டார்கள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது இரண்டு வீட்டுக்கும் பொருந்துகிறது பாருங்கள். அவரவர் சதைக்கு மட்டும்தான் ஆடியது.

படத்தில் இந்தக் கொள்ளைக் காட்சி ஸ்லோ மோஷனில் வரும். குதிரைகள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு கடைக்குள் பாயும். தோட்டா வரும் சத்தத்தைக்கூட இழுத்து நீட்டியிருக்கிறார்கள். அபாரமான காட்சி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அழகு முழுவதும் குதிரை மேல் இருப்பவர்களுக்கே போய்விடுகிறது என்பது என் குறை. ஜேம்ஸ் குடும்பம் அடிமைகளை வைத்திருந்த குடும்பம். ஃபிராங்கும் கோலும் போரில் தென்மாநிலப் பக்கம் நின்ற குவாண்ட்ரில் என்பவனின் கொலைகாரக் கெரில்லாப் படையில் இருந்தவர்கள். கல்யாணம், சாவு, நடனம் என்று வீட்டுக் காட்சிகளை அவ்வளவு பரிவோடு எடுத்த ஹில், இந்த வரலாற்றை மட்டும் ஓரமாகவே தொட்டுவிட்டுப் போகிறார்.

அன்று வங்கிக்குள் ஜோசஃப் லீ ஹேவுட் என்று ஒருவர் இருந்தார். அவர் காசாளர்கூட இல்லை. காசாளர் ஊரில் இல்லாததால் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர். பெட்டகத்தைத் திற என்று அடித்தார்கள், கழுத்தில் கத்தி வைத்தார்கள். குறித்த நேரத்தில்தான் திறக்கும் நேரப்பூட்டு போட்டிருக்கிறது, முடியாது என்றார். பெட்டகக் கதவு சாத்தித்தான் இருந்தது, எண்பூட்டைத் திருப்பவில்லை என்கிறார்கள், இழுத்திருந்தாலே திறந்திருக்குமாம். யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. போகிற போக்கில் அவரைத் தலையில் சுட்டுவிட்டுப் போனார்கள். கையில் கிடைத்தது 26 டாலர் 70 சென்ட். தெருவில் நிக்கோலஸ் குஸ்டாஃப்ஸன் என்ற சுவீடன்காரரும் குண்டுபட்டு, சில நாளில் இறந்தார். சண்டையில் எந்தப் பக்கமும் இல்லாத மனிதர்.

அந்த வங்கிக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊரே திருவிழா எடுத்து, கொள்ளையைத் தெருவில் நடித்துக் காட்டுகிறது. அந்த விழாவின் பெயரில் இருப்பது கொள்ளைக்காரர்களின் தோல்விதான்.

விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். மீதிச் சண்டையைப் படம் முடிந்து வைத்துக்கொள்வோம்.