கல்லூரி வழியாக வந்த சோம்தேவ்

நேயர்களுக்கு வணக்கம். டென்னிஸ் ஆடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால், பன்னிரண்டாம் வகுப்பு நெருங்கும்போது ஒரு கேள்வி வந்தே தீரும். படிப்பா, ஆட்டமா? இந்தக் கேள்வியே தப்பு என்று நான் நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தவர் இந்திய டென்னிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மன்.

குவாஹாத்தியில் பிறந்தவர், திரிபுராக் குடும்பம், ஆனால் வளர்ந்ததும் டென்னிஸ் பழகியதும் நம்ம சென்னையில். நேராகத் தொழில்முறை ஆட்டத்திலேயே ஊன்றிவிடாமல் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே சமூகவியல் படித்துக்கொண்டே கல்லூரி அணிக்கு ஆடினார்.

அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மோதலில் ஆறு ஒற்றையர் ஆட்டம், அப்புறம் இரட்டையருக்கு ஒரு புள்ளி, ஆக மொத்தம் ஏழு. நான்கை எடுக்கும் கல்லூரி ஜெயிக்கும். பக்கத்துக் கோர்ட்டில் உங்கள் தோழன் தோற்றுக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும், சுற்றி நின்று கத்துகிற கூட்டம் பந்தயத்துக்குப் பந்தயம் பழகிப்போகும், தனியாக ஊர் ஊராகப் போய்ச் சின்னப் போட்டிகளில் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடுகிற பதினெட்டு வயதுப் பையனுக்கு இது எங்கே கிடைக்கும்?

2006-இல் தேசியக் கல்லூரி ஒற்றையர் இறுதிக்கு வந்து தோற்றார். 2007-இல் மறுபடி இறுதி. எதிரில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் இஸ்னர், ஆறடி பத்து அங்குலம், இடிபோல் விழும் சர்வ். ஆட்டம் நடந்ததோ இஸ்னரின் சொந்தக் கோர்ட்டில். மூன்றாவது செட் சமநிலையில் நின்று, முடிவுகட்டும் டை-பிரேக் வரை போய் சோம்தேவ் ஜெயித்தார்! அடுத்த ஆண்டும் பட்டம் அவருக்குத்தான். அந்த 2008 பருவத்தில் 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

சரி, படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு 23 வயதில் தொழில்முறைக்கு வருகிறார், தாமதம்தானே என்பார்கள். 2009 ஜனவரியில் சென்னை ஓபனில் வைல்டு கார்டில், அதாவது போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதியில் நுழைந்தார். முன்னாள் முதல்நிலை வீரர் கார்லோஸ் மோயாவை வீழ்த்தினார், அப்புறம் இவோ கார்லோவிச்சை, கடைசியில் இறுதி ஆட்டத்தில் மாரின் சிலிச்சிடம்தான் தோற்றார். கல்லூரியை விட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2010 செப்டம்பர், அதே சென்னை நுங்கம்பாக்கத்தில் பிரேசிலுடன் நடந்த டேவிஸ் கோப்பை, நாடுகள் அணியாக மோதும் போட்டி. முதல் நாள் சோம்தேவும் தோற்று, போபண்ணாவும் தோற்று, இந்தியா 0-2. பயஸும் பூபதியும் இரட்டையரை மீட்டுக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சோம்தேவ் முதல் செட்டை டை-பிரேக்கில் எடுத்து, இரண்டாவதில் 4-0 என்று போய்க்கொண்டிருந்தபோது எதிரில் ஆடிய பிரேசிலின் பெல்லூச்சி முடியாமல் விலகிவிட்டார். போபண்ணா கடைசி ஆட்டத்தை ஜெயிக்க, 3-2. அணிக்காக ஆடும் அந்தப் பிடிவாதம் அவருக்குக் கல்லூரியில் ஊறியது என்றே நான் நம்புகிறேன். அந்த ஆண்டே காமன்வெல்த் ஒற்றையர் தங்கம், குவாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம். இரட்டையரில் கூட ஆடிய சனம் சிங்கும் வர்ஜீனியா மாணவர்தான், கவனியுங்கள்.

2011-இல் ஜோகன்னஸ்பர்க் இறுதியில் அவரை வென்ற கெவின் ஆண்டர்சனும் இல்லினாய்ஸ் கல்லூரிக்கு ஆடியவர். அந்த ஆண்டு சோம்தேவ் உலகத் தரவரிசையில் 62-ஆம் இடத்தைத் தொட்டார். அதற்கப்புறம் தோள்பட்டைக் காயம், 2012 பெரும்பாலும் வீணானது. 2017 புத்தாண்டு நாளில் ஓய்வை அறிவித்தார். பெரிய பட்டம் வெல்லவில்லையே என்பவர்களுக்கு என் பதில், பெரிய சர்வ் இல்லாமல், கால்களையும் மூச்சையும் நம்பியே அந்த உயரத்துக்குப் போனவர் அவர் என்பதுதான்.

ஆகவே பெற்றோர்களே, அமெரிக்கக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் உதவித்தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஆறு பேர் வரிசையில் உங்கள் பிள்ளை முதல் ஆண்டிலேயே ஆட வாய்ப்பு உண்டா என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.