மூச்சுக்கும் ஒரு வடிகால்

(குத்தாலத்தில் விவசாயிகள் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மன அழுத்தத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், அது பட்டணத்து அலுவலகக்காரர்களுக்கு உரிய பேச்சல்லவா என்று இவ்வூர் நண்பர் ஒருவர் கேட்டார். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்குமா என்று கோடை முழுவதும் ஏங்குகிறவர்களுக்கும், திறந்த தண்ணீர் கடைமடை வரை வந்து சேருமா என்று காத்திருப்பவர்களுக்கும், அறுவடை நேரத்து மழையில் சாய்ந்த கதிரைப் பார்த்தபடி வரப்பில் நிற்பவர்களுக்கும் உரியதில்லை என்றால் இந்தப் பேச்சு வேறு யாருக்கு உரியது?

ஆபத்து என்று மூளை கருதியதும், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. வரப்பில் பாம்பைக் கண்டு துள்ளி விலகுவதற்கு இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பாம்பு போய்விடும், கடன் தவணை போகாது. ஆகவே உடல் நாள்கணக்கில் பாம்பைக் கண்ட நிலையிலேயே நின்றுவிடுகிறது.

வயலுக்கு நீரைக் கொண்டுவருவது வாய்க்கால் என்றாலும், பயிரை அழுகாமல் காப்பது வடிகால்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூச்சிலும் அப்படியே. ‘ஆழமாக மூச்சை இழு’ என்று பலரும் அறிவுரை கூறுகிறார்கள். அதைப் பாதி அறிவுரை என்றே கருதுகிறேன், ஏனெனில் பதற்றத்தில் வேகவேகமாக இழுத்துவிடுகிறவருக்குத் தலைசுற்றல்தான் மிஞ்சும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கிவரும் வேகஸ் நரம்பின் வழியே அது தணிவதும் இயற்கை. ஆதலால், நீள வேண்டியது வெளிமூச்சு. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க திருவாவடுதுறையில் வாழ்ந்தவராகச் சைவ மரபு போற்றும் திருமூலர், உள்ளிழுக்கப் பதினாறு மாத்திரை (கண்ணிமைக்கும் பொழுதளவு) என்றால் வெளிவிட முப்பத்திரண்டு என்று இரட்டிப்பாகவே கணக்கு வைத்தார். இடையில் அறுபத்து நான்கு மாத்திரை அடக்கச் சொன்னது யோகிகளுக்கானது. நெஞ்சுவலி, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இறுகிய தசைகளுக்கும் வழி உண்டு. படுத்தபடியே பாதத்தை ஐந்து விநாடி இறுக்கி, பின் சட்டென்று தளர்த்துங்கள். அப்படியே கெண்டைக்கால், தொடை, கை, தோள், முகம் என்று மேலேறுங்கள். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் நூறாண்டுகளுக்கு முன் வகுத்த பயிற்சியை ஒட்டியது இது. படபடப்பு மிகும்போது முகத்தில் குளிர்ந்த நீரை அறைந்து கழுவுவதும் துடிப்பைத் தணிக்கும்.

காப்பியை விடச் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லிவிட்டு இந்த ஊரைத் தாண்ட முடியாது. ஆனால் குடித்த காஃபீனில் ஏறத்தாழ பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும் என்பதால், மாலை ஆறு மணி டம்ளரை நான்கு மணிக்கு மாற்றிக்கொள்ளலாம். நள்ளிரவில் விழித்துக் கைபேசியில் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கிறவர்கள் இங்கே எத்தனை பேர் என்று கேட்கமாட்டேன். நீங்கள் பார்ப்பதால் அது முழு அளவான 120 அடியை எட்டப்போவதில்லை. அதற்குப் பதிலாக, படுக்கும் முன் கவலைகளை ஒரு நோட்டில் எழுதி, நாளை செய்யக்கூடியதற்கு மட்டும் எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு மூடிவையுங்கள்.

இவை எதற்கும் அடங்காமல் வாரக்கணக்கில் உறக்கமின்றியும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணத்துடனும் இருப்பவர்களுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மனாஸ், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி, எந்நேரமும் பேசலாம்.

இப்போது எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளை மடிமீது வையுங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள். எட்டு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். அவசரம் வேண்டாம்; நான் எண்ணுகிறேன்.