பசை ஒட்டியது யார்?

எல்லோருக்கும் வணக்கம். சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்கள் கூடும் கூட்டம் என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அப்படியென்றால் இங்கே பாதிப் பேர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் விற்காத பிரதிகளோடு அட்டைப்பெட்டி இருக்கும். என் வீட்டிலும் இருக்கிறது.

என் கடைசிப் புத்தகத்தை எழுத 9 மாதம் ஆனது. அதன்பிறகு 14 மாதம் ஒரு வரி எழுதவில்லை. பின்னே என்ன செய்தேன்? பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்ததை யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றியதும் கொம்பும் காலும் இடம்மாறி நின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்து உட்கார வைத்தேன். லேஅவுட் கற்றேன். மின்னூல் ஏற்றினேன். மழையில் பார்சலைத் தூக்கிக்கொண்டு கூரியர் கடைக்கு ஓடினேன். ராத்திரி பதினோரு மணிக்கு "சார், புக் இன்னும் வரலை" என்று வாட்ஸாப்பில் கேட்டவருக்குப் பதில் போட்டேன். ஒருநாள் வாசகர் ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். நான் அதைப் படிக்கவில்லை. பின்கோடு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

இதை பர்ன்அவுட் என்கிறார்கள். இது நோய் அல்ல, வேலையால் வருகிற நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கியது. உடம்பும் மனமும் வற்றிப்போவது, செய்கிற வேலையே கசந்து விலகுவது, எதைச் செய்தும் உருப்படவில்லை என்று தோன்றுவது: இவைதான் அடையாளங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் "விட்டுப்போச்சு" என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லே போதும்.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கிக்கும் ஒருமுறை கிட்டத்தட்ட விட்டுப்போனது. 1866. கடன் கழுத்தை நெரிக்கிறது. ஒரு நாவல் பத்திரிகையில் தொடராக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நடுவே ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தம் வேறு: நவம்பர் 1-க்குள் புதிய நாவல் ஒன்று தரவேண்டும். தராவிட்டால் அடுத்த ஒன்பது ஆண்டு அவர் எழுதுவதையெல்லாம் காசு கொடுக்காமலே பதிப்பாளர் அச்சிட்டுக்கொள்ளலாம். அக்டோபர் பிறந்தபோது கையில் ஒரு பக்கம்கூட இல்லை. அப்போது அவர் ஒரு ஆள் வைத்தார். இருபது வயதுப் பெண், சுருக்கெழுத்து படித்தவர், பெயர் அன்னா. பகலில் இவர் சொல்லச் சொல்ல அன்னா குறித்துக்கொள்வார்; ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தெளிவாகப் படியெடுத்து மறுநாள் கொண்டுவருவார். 26 நாளில் 'சூதாடி' முடிந்தது. கெடு நாளில் பதிப்பாளர் ஊரிலேயே இல்லை. காவல் நிலையத்தில் கைப்பிரதியை ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டு இருவருக்கும் கல்யாணம். 1873-இல் அவருடைய ஒரு நாவலை அன்னாவே சொந்தமாகப் பதிப்பித்தார். 3,500 பிரதி. அச்சகம், காகிதம், கடைக்காரர்களுக்குக் கழிவு எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுக் கற்றார். பத்திரிகையில் விளம்பரம் வந்த அன்றைக்கே வீட்டு வாசலில் நூற்றுக்கு மேல் விற்றது. கணவர் எழுதினார், மற்றதெல்லாம் மனைவி.

இந்தக் கதையைச் சொன்னால் நம் எழுத்தாளர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். "அப்படி ஒரு மனைவி அமையணுமே!" அய்யா, அமைந்துதான் இருக்கிறார்கள். நம்மூரில் ஆள் வைக்கும் வழக்கம் புதிதில்லை. சம்பளம் கொடுக்கும் வழக்கம்தான் புதிது. மெய்ப்புப் பார்த்து அச்சுப்பிழை திருத்தியவர், கைப்பிரதியைப் படியெடுத்தவர், உறையில் முகவரி எழுதியவர் எல்லோருக்கும் முன்னுரையில் ஒரு வரி நன்றி, அதோடு சரி. தஸ்தயேவ்ஸ்கி கதையில் நான் பிடித்துக்கொள்வது கல்யாணத்தை அல்ல, அதற்கு முன்னால் நாவல் வேலை நடந்த அந்த ஒரு மாதத்தை. என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு ரூபிள் என்று முதலிலேயே பேசி வைத்தார்கள்.

சரி, சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதென்றால் முதலில் எந்த வேலையை வெளியே கொடுப்பது? எல்லோரும் அட்டை வடிவமைப்பு என்பார்கள். நான் பார்சல் என்பேன். அட்டை ஒருமுறை வேலை. பார்சல் தினமும் காலை நேரத்தைத் தின்னும். அதற்கு அடுத்து மெய்ப்பு. என் நாவலில் ஒருவன் வேலை தேடிச் சென்னைக்குப் போவான். அச்சில் ஒரு 'த்' கூடிவிட்டது. "வேலைத் தேடிப் போனான்." முருகனுடைய வேலைத் தேடிப் போனவனாகிவிட்டான்! அந்தப் பக்கத்தை நான் பதினொரு முறை படித்திருக்கிறேன். எழுதினவன் கண் தான் எழுத நினைத்ததைத்தான் படிக்கும். வெளியாள் கண் வேண்டும்.

காசுக்கு எங்கே போவது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். 500 பிரதி அடிக்காதீர்கள். இப்போது டிஜிட்டல் அச்சில் 100 பிரதிகூடப் போடலாம். ஒரு பிரதிக்கு அடக்க விலை கூடும், உண்மைதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் முடங்கும் 400 பிரதியின் பணம் கையில் நிற்கும். மெய்ப்புப் பார்ப்பவருக்கான கூலி அதில்தான் இருக்கிறது. பக்கத்துக்கு இவ்வளவு, எத்தனை தடவை திருத்தம், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் "நம்மாளுதானே" என்று இழுக்காதீர்கள்.

கையை விட்டுக் கொடுக்கக்கூடாதவையும் உண்டு. ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணை டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கும் காசு வாங்கிக்கொண்டு தங்கள் பேரிலேயே எண் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். யார் பேரில் எண்ணோ, ஆவணத்தில் அவர்தான் பதிப்பாளர். மின்னூல் கணக்கும் அதன் கடவுச்சொல்லும் அப்படித்தான், உங்களிடமே இருக்கட்டும். வாசகர் கடிதத்துக்குப் பதிலும் நீங்களே எழுதுங்கள். அந்த நாலு பக்கக் கடிதத்துக்கு ஏழு மாதம் கழித்து எழுதினேன்; அவர் மறுபடி எழுதவில்லை.

இப்போது எங்கள் தெருவில் கல்லூரி படிக்கும் ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வந்து பார்சல் கட்டுகிறாள். பார்சலுக்கு இவ்வளவு என்று கணக்கு. போன மாதம் அவளுக்குப் பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனதும் கேட்டார்: "எட்டு வருஷமா நான் பசை ஒட்டினேனே, அதுக்கு எவ்வளவுங்க பாக்கி?"

நோட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் கூட்டி முடிக்கவில்லை.