ஒரு விரல் ரேகை, இரண்டு பதிவேடு

நேயர்களுக்கு வணக்கம்.

ரேஷன் கடையில் விரலை வைக்கிறோம். மெஷின் ஏற்க மாட்டேன் என்கிறது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறோம், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்தப் பதற்றத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கென்யாவின் கரிஸா மாவட்டத்தில் தடாப் என்று ஓர் இடம். 1991-ல் சோமாலியாவில் சியாட் பாரே ஆட்சி கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டபோது, தப்பி வந்தவர்களுக்காக அங்கே முகாம்கள் போட்டார்கள். திட்டமிட்டது 90,000 பேருக்கு. 2011 பஞ்சத்தின்போது அங்கே இருந்தவர்கள் நான்கரை லட்சத்துக்கும் மேல்.

முகாமுக்கு வெளியே இருப்பவர்களும் பெரும்பாலும் சோமாலி இனத்தவர்கள்தான். ஆனால் அவர்கள் கென்யக் குடிமக்கள். மொழி ஒன்று, மதம் ஒன்று, முகச்சாயலும் ஒன்று. நான் அகதிச் சட்டம் கற்பிக்கும் வகுப்பில் முதல் நாள் சொல்வது இவர்கள் கதையைத்தான்.

மழை பொய்க்கிறது. ஒட்டகமும் ஆடும் செத்து விழுகின்றன. கொஞ்சம் தள்ளி முகாம். அங்கே மாவு உண்டு, எண்ணெய் உண்டு, மருந்தும் பள்ளிக்கூடமும் உண்டு. பெற்றோர் என்ன செய்வார்கள்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அகதி என்று பதிந்தார்கள். பிள்ளையின் விரல் ரேகையும் பதிவேட்டில் ஏறியது.

அந்தப் பிள்ளைக்கு 18 வயது ஆகிறது. கித்தாம்புலிஷோ, அதாவது தேசிய அடையாள அட்டை கேட்டுப் போகிறான். விரலை வைத்ததும் கணினி சொல்கிறது: நீ அகதி. அட்டை கிடையாது. அட்டை இல்லாவிட்டால் கைப்பேசிக்கு சிம் வாங்க முடியாது, வங்கிக் கணக்கும் அரசு வேலையும் கிடையாது. நைரோபிக்குப் போகலாம் என்று பஸ் ஏறினால் தானா ஆற்றுப் பாலத்துச் சோதனைச் சாவடியிலேயே இறக்கிவிடுவார்கள். சொந்த நாட்டில், சொந்த ஊர்ப் பாலத்தில்! இப்படிச் சிக்கியவர்கள் ஏறக்குறைய 40,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். பிறகு அரசே குழு வைத்து விசாரித்து, ஆயிரக்கணக்கானவர்கள் குடிமக்கள்தான் என்று ஒப்புக்கொண்டது. அதற்குள் பலருக்குப் படிக்கும் வயது தாண்டிவிட்டது.

பொய் சொல்லித்தானே பதிந்தார்கள் என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பார். எட்டு வயதில் பசித்த பிள்ளை சொன்ன பொய் எது? விரலை நீட்டச் சொன்னார்கள், நீட்டியது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறுவதில்லை.

சரி, முகாமுக்குள் இருப்பவர்களுக்கு வருகிறேன். 2013-ல் நைரோபியில் வெஸ்ட்கேட் வணிக வளாகத் தாக்குதல், 67 பேர் இறந்தார்கள். 2015-ல் கரிஸா பல்கலைக்கழகத்தில் 148 பேர். கென்யர்களின் துக்கமும் கோபமும் நியாயமானவை. ஆனால் அந்தக் கோபம் அகதிகள்மேல் திரும்பியது. தாக்கியதோ சோமாலியாவைச் சேர்ந்த ஆயுதக் குழுவான அல்-ஷபாப். முகாமில் இருப்பவர்களில் பலர் அதே அல்-ஷபாபுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். 2014-லேயே நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியில் போலீஸ் சோமாலியர்களை வளைத்துப் பிடித்து, கசரானி விளையாட்டரங்கில் அடைத்து வைத்தது. 2016 மே மாதம், தடாப்பையே மூடுகிறோம் என்று அரசு அறிவித்தது.

தடுத்தது யார் தெரியுமா? கென்யர்களே. கென்யாவின் தேசிய மனித உரிமை ஆணையமும் கித்துவோ சா ஷெரியா என்ற சட்ட உதவி அமைப்பும் வழக்குப் போட்டன. 2017 பிப்ரவரி 9 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் மட்டிவோ தீர்ப்பளித்தார்: சோமாலிய அகதிகளை மட்டும் குறிவைப்பது ஓர் இனத்தையே கூட்டாகத் துன்புறுத்துவது, அது அரசியலமைப்புக்கு விரோதம். வெளிநாட்டு அகதிக்காக உள்நாட்டு அரசியலமைப்பு பேசியது. வெளியிலிருந்து வரும் கண்டன அறிக்கைகளைவிட அந்த நாட்டு வழக்கறிஞர்களையே நான் அதிகம் நம்புவது இதனால்தான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சோமாலி பாண்டு மக்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 19-ம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியா, மொசாம்பிக் பக்கங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். சோமாலியாவில் கீழாக நடத்தப்பட்டார்கள், தடாப்பிலும் அது தொடர்ந்தது. அகதிகளுக்குள்ளேயே ஒரு சிறுபான்மை. 2002-ல் ஏறக்குறைய 12,000 பேரைப் பஸ்களில் ஏற்றி, நாட்டின் மறுகோடியில் உள்ள ககுமா முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்துதான் பலர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள்.

வணக்கம்.