கேள்வியைப் பார்த்த பிறகு

வணக்கம் நேயர்களே. பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், உச்சியில் ஒரு கோடி. இந்த ஆட்டத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இந்தியில் ‘கௌன் பனேகா கரோர்பதி’, தமிழில் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’, பிறகு ‘கோடீஸ்வரி’. எல்லாவற்றுக்கும் மூலம் 1998 செப்டம்பரில் பிரிட்டனில் தொடங்கிய நிகழ்ச்சி. போட்டியாளர் வாய் திறப்பதற்குள் நாம் இங்கிருந்து “பி! பி!” என்று கத்துவோம். என் கண் மட்டும் வேறிடத்தில் இருக்கும். அவர் எந்தக் கேள்வியில் விலகுகிறார், அதைத்தான் பல வருடமாகக் கவனித்து வருகிறேன்.

ஏனென்றால் இந்த ஆட்டத்தின் உயிர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. கேள்வி திரையில் வந்துவிட்டது, நான்கு விடைகளும் தெரிந்துவிட்டன. அதற்குப் பிறகும் “போதும், இதுவரை ஜெயித்ததை வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லலாம். கேள்வியைப் பார்த்த பிறகு! அதனால் போட்டியாளர் எவ்வளவு படித்தவர் என்பதைவிட, தனக்குத் தெரிந்தது எது, தெரிந்த மாதிரி இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கிறாரா என்பதுதான் இங்கே சோதிக்கப்படுகிறது.

முதலில் வந்த பிரிட்டிஷ் வடிவத்தையே எடுத்துக்கொள்வோம், கணக்கு சுலபம். 5-வது கேள்வியைத் தாண்டினால் 1,000 பவுண்டு உறுதி. 10-வதைத் தாண்டினால் 32,000 உறுதி. அதன் பிறகு தவறாகச் சொன்னாலும் அந்தப் பணம் குறையாது. சரி, இப்போது 11-வது கேள்வி வருகிறது. விடை சுத்தமாகத் தெரியவில்லை. என்ன செய்வீர்கள்? நிறையப் பேர் விலகிவிடுவேன் என்பார்கள். விலகினால் 32,000. தவறாகச் சொன்னாலும் அதே 32,000! இழக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விடையைச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். 6-வது கேள்வியிலும் இதே கதைதான். மறுபடியும் சொல்கிறேன், 6-லும் 11-லும் விலகவே கூடாது.

கடைசிக் கேள்வியில் நிலைமை தலைகீழ். கையில் 5 லட்சம் பவுண்டு. சரியாகச் சொன்னால் இன்னொரு 5 லட்சம் சேரும். தவறினால் 32,000-க்குச் சரிவு, அதாவது 4,68,000 போய்விடும். இரண்டு விடைகளுக்கு இடையில் தடுமாறினால், கணக்குப்படி துணிவதும் விலகுவதும் ஏறக்குறைய சமம். நான்கில் எது என்றே தெரியாவிட்டால், தயங்காமல் எழுந்துவிட வேண்டும். அப்படி எழுந்து வருபவரைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வெளிச்சத்தில், அத்தனை பேர் முன்னால், “எனக்குத் தெரியாது” என்று சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

அப்புறம் லைஃப்லைன், அதாவது விடை தெரியாதபோது ஒருமுறை மட்டும் கேட்டுக்கொள்ளக்கூடிய உதவி. எனக்கு மிகவும் பிடித்தது பார்வையாளர் வாக்கெடுப்பு. அரங்கில் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பேருக்குத்தான் விடை தெரியும். மீதி 80 பேர் குத்துமதிப்பாக அழுத்தினால், அந்த வாக்குகள் நான்கு விடைகளுக்கும் இருபது இருபதாகப் பிரிந்துவிடும். சரியான விடைக்கு மட்டும் 40! தெரிந்தவர் கொஞ்சம் பேராக இருந்தாலும் விடை மேலே வந்து நிற்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. கேட்ட மாத்திரத்தில் சரி போலத் தோன்றும் தப்பு விடை ஒன்று இருந்தால், தெரியாதவர்கள் எல்லோரும் அதன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். கடினமான கேள்விகளில் இப்படித்தான் கூட்டம் ஏமாற்றும். ஆகவே இந்த லைஃப்லைனைக் கடைசிவரை பத்திரப்படுத்தி வைப்பதில் லாபமில்லை. நடுவிலேயே செலவழித்துவிடுங்கள்.

நண்பருக்கு போன் செய்வது என்றதும் ஜான் கார்பென்டரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1999 நவம்பர், அமெரிக்க நிகழ்ச்சி. வரித்துறையில் வேலை பார்த்த மனிதர். 14 கேள்விகளுக்கு ஒரு லைஃப்லைனைக்கூடத் தொடாமல் வந்துவிட்டார். 15-வது, பத்து லட்சம் டாலர் கேள்வி: ஒரு டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் தோன்றிய அமெரிக்க அதிபர் யார்? கார்பென்டர் அப்பாவுக்கு போன் போடச் சொன்னார். நிகழ்ச்சி நடத்துபவர், அரங்கம், டிவி பார்த்தவர்கள் எல்லோரும் என்ன நினைத்திருப்பார்கள்? பாவம், கடைசியில் மாட்டிக்கொண்டார் என்றுதானே! அப்பா போனை எடுத்தார். மகன் சொன்னார்: உங்கள் உதவி தேவையில்லை அப்பா, பத்து லட்சம் ஜெயிக்கப்போகிறேன், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ரிச்சர்ட் நிக்சன் என்று விடை சொன்னார், ஜெயித்தார். அந்த நிகழ்ச்சியின் முதல் மில்லியனர் அவர்தான். அந்த போனில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். தெரிந்ததைத் தெரியும் என்று அவர் அறிந்திருந்தார், அவ்வளவுதான்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். போட்டியாளர் உட்காரும் ஹாட் சீட்டுக்குப் போவதற்கு முன்னால் நடக்கும் வேகப் போட்டியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு பெயர்களை வரிசைப்படுத்த வேண்டும். சரியாகச் செய்தவர்களில் வேகமானவருக்கே இருக்கை. முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் பிடித்துவிட்டால், மிச்சம் இரண்டே இரண்டுதான். இன்று இரவு நிகழ்ச்சி பார்த்தால் இதை முயன்று பாருங்கள். வணக்கம்.