கைப்பிடி அரிசியும் கடைசிப் பரீட்சையும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். எங்க கோயில், அதாவது சர்ச் வாசல்ல பாத்தா சொல்ற மாதிரி சொல்லணும்னா, தோத்திரம்.

போன மாசம்தான் பி.எஸ்சி. மேத்ஸ் கடைசிப் பரீட்சைய எழுதிட்டு வெளிய வந்தேன், ரிசல்ட் இன்னும் வரல. வானொலியில இருந்து கூப்பிட்டு நம்பிக்கை, மனநிறைவு, காலேஜ் முடிச்ச அனுபவம் இதப் பத்தி பதினஞ்சு நிமிஷம் பேசும்மான்னு சொன்னாங்க. மூணையும் தனித்தனியா நோட்டுல எழுதிப் பாத்தேன், ஆனா எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில எங்க ஆச்சியோட அரிசி டப்பாகிட்ட தான் வந்து நிக்குது. அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கேன்.

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போற குடும்பத்துல பிறந்தவங்களுக்கு கைப்பிடி அரிசின்னா விளக்கவே வேண்டாம். மத்தவங்களுக்காக சொல்லுதேன். சோறு பொங்குறதுக்கு அரிசிய அளந்து எடுப்போம்ல, அத களையுறதுக்கு முன்னாடி அதுல இருந்து ஒரு பிடி அள்ளி தனியா ஒரு டப்பாவுல போட்டு வைக்கணும். மத்தியானம் பொங்கினா ஒரு பிடி, ராத்திரி பொங்கினா ஒரு பிடி. ஞாயித்துக்கிழமை அந்த டப்பாவ கொண்டு போய் கோயில்ல இருக்க சாக்குல தட்டணும். அந்த அரிசி இல்லாதப்பட்டவங்களுக்குப் போகும், கோயில்ல எல்லாருமா சேந்து சாப்பிடுற அசன விருந்துக்குப் போகும், சில ஊர்ல வித்து காசாக்கி ஊழியத்துக்குக் குடுப்பாங்க. அம்மாமாரு, ஆச்சிமாரு கையாலயே ஓடுற காணிக்கை இது. கையில ஒத்த ரூபா இல்லாத பொம்பளையும் இதக் குடுத்திரலாம், அதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது.

எனக்கு ஒரு ஏழெட்டு வயசு இருக்கும்போது இந்த டப்பாவுக்கு அரிசி எடுத்துப் போடுறது என் வேலை. நான் என்ன செய்வேன்னா, ஆச்சி உழக்குல அளந்து வச்சிருக்க அரிசியில கை வைக்க மாட்டேன், நேரா மூட்டைக்குப் போய் ஒரு பிடி அள்ளிப் போட்டுருவேன். ரெண்டும் ஒரே அரிசி தானே, ஒரு பிடி தானேன்னு என் நினைப்பு. ஒருநாள் ஆச்சி பாத்துட்டா. அடிக்கல, ஏசல, என்னைய உக்கார வச்சு, "ஏட்டி, மூட்டையில இருந்து எடுத்தா மூட்டைக்குத்தான் குறையும், உன் வட்டில்ல ஒண்ணும் குறையாது. அளந்ததுல இருந்து எடு, அப்பதான் இன்னைக்கி நீ தின்னுறதுல இருந்து குடுத்த கணக்கு"ன்னு சொன்னா. அப்ப புரியல. பொங்கினதுக்கு அப்புறம் மிச்சத்தக் குடுத்தா என்ன ஆச்சின்னு இன்னொரு நாள் கேட்டதுக்கு, "மிச்சம் நாய்க்குப் போடுறது, ஆண்டவருக்கு முதல்லயே எடுத்து வைக்கணும்"னா. அவ்வளவுதான். எங்க ஆச்சி அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் தான் படிச்சவ, ஆனா எனக்கு இறையியல் சொல்லித் தந்தது அவதான், இதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

திரும்பவும் சொல்லுதேன், அளந்ததுல இருந்து. இந்த ஒரு வார்த்தைய மட்டும் மனசுல வச்சுக்கோங்க, ரேடியோவுல கேக்குறவங்களுக்கு திரும்பிப் பாக்க பக்கம் இல்லல்லா, அதான்.

எங்க அம்மா பீடி சுத்துறவங்க. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறாங்க, ஓட்டம் இருக்க மாசமும் உண்டு இல்லாத மாசமும் உண்டு. பீடிக்கடையில இலை சரியா வராத வாரம் அம்மா கை சும்மா இருக்கும், வீடும் ஒரு மாதிரி இருக்கும். அந்த வாரமெல்லாம் ரேஷன் அரிசி தான். அப்பவும் ஆச்சி அந்த ரேஷன் அரிசியில ஒரு பிடிய டப்பாவுல போடுவா. எனக்கு வெக்கமா இருக்கும். கோயில்ல மத்தவங்க நல்ல பொன்னி அரிசியக் கொட்டும்போது நாம இதப் போய் கொட்டணுமான்னு இருக்கும், யாரும் பாக்காதப்ப சட்டுனு தட்டிட்டு ஓடி வந்துருவேன்.

அந்த வெக்கம் போனது 2023 டிசம்பர்ல. 17ஆம் தேதி, ஞாயித்துக்கிழமை. அந்த மழைய இந்தப் பக்கத்து நேயர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் பெஞ்சுது. நான் அப்ப செகண்ட் இயர். தாமிரபரணி எங்க தெருவுக்குள்ள வந்துட்டு, முதல்ல வாசப்படி, அப்புறம் அடுப்பு, அப்புறம் கட்டில். அம்மா சுத்தி வச்சிருந்த பீடியெல்லாம் ஊறிப் போச்சு, என் புத்தகம் போச்சு, அரிசி மூட்டையும் போச்சு. எங்க ஊர்ல மேடான இடம் கோயில் தான், அதனால தெரு மொத்தமும் அங்க போய் ஏறிட்டோம். கிறிஸ்தவங்க மட்டும் இல்ல, அம்மன் கோயில் தெரு ஆளுங்களும் சேந்துதான். கரண்ட் இல்ல, போன் இல்ல, வெளிய போக வழி இல்ல. அப்ப கோயிலப் பாத்துக்கிட்டு மணி அடிக்கிற எங்க கோயில்பிள்ளை உள்ள இருந்து ரெண்டு சாக்கு இழுத்துட்டு வந்தார், கைப்பிடி அரிசி. அதத்தான் கஞ்சியா காய்ச்சி மூணு நாள் எல்லாரும் குடிச்சோம். பொன்னி, ரேஷன், இட்லி அரிசி எல்லாம் கலந்த கஞ்சி, அதுல எது யாரு போட்டதுன்னு பிரிக்க முடியுமா சொல்லுங்க. நான் வெக்கப்பட்டுத் தட்டிட்டு ஓடுன அரிசியும் அதுல தான் இருந்துச்சு. அந்தக் கஞ்சிய கையில வாங்கும்போது எனக்கு அழுகை வந்துட்டு.

தண்ணி வடிஞ்ச பிறகுதான் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னுபோன விஷயமே எங்களுக்குத் தெரியும். கிட்டத்தட்ட 800 பேர் அந்த ரயில்ல வந்தவங்க. வெளிய இருந்து உதவி வந்து சேரும் முன்னாடி பக்கத்து ஊர்க்காரங்க தங்க வீட்டு அரிசியப் போட்டு அவங்களுக்குப் பொங்கிக் குடுத்திருக்காங்க. அவங்க வீட்டுலயும் தண்ணி தான, அவங்களுக்கும் நாளைக்கு அரிசி கிடைக்குமான்னு தெரியாது தான. அவங்க எந்த சாமியக் கும்பிட்டாலும் சரி, அளந்ததுல இருந்து எடுத்துக் குடுத்தவங்க அவங்க. வேதத்துல பஞ்ச காலத்துல சாறிபாத் ஊர் விதவை எலியா தீர்க்கதரிசிக்கு முதல்ல அடை சுட்டுக் குடுத்தத ஓய்வுநாள் பள்ளியில எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், அவகிட்ட இருந்ததும் ஒரு பிடி மாவு தான், அதே பிடி கணக்குதான், ஆனா அந்தக் கதை எனக்கு உள்ள இறங்குனது அந்த டிசம்பர்ல தான்.

சரி, இப்ப மனநிறைவுக்கு வாறேன். நம்ம தமிழ் வேதாகமத்துல ஒரு சொல் இருக்கு, மனரம்மியம். பவுல் பிலிப்பியருக்கு எழுதுற கடிதத்துல நாலாம் அதிகாரத்துல வரும், "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்". எனக்கு இந்த வசனத்துல மனரம்மியத்த விட அந்த கடைசி சொல்லு தான் முக்கியம், கற்றுக்கொண்டேன். பிறவியிலேயே வந்துட்டுன்னு சொல்லல, ஒருநாள் ஜெபத்துல இறங்கிட்டுன்னு சொல்லல, கத்துக்கிட்டேங்கிறார். அப்படின்னா தெரியாம இருந்த காலமும் அவருக்கு இருந்திருக்கு, தப்புப் பண்ணி திரும்பத் திரும்பப் படிச்சிருப்பார். காவல்ல கட்டுண்டு கிடந்த ஒரு மனுசன் எழுதுன கடிதம் அது, அத மறந்துறாதீங்க.

இதுக்கு ரெண்டு வசனம் தள்ளி வர்றதத்தான் நம்ம பிள்ளைங்க எல்லாரும் பரீட்சைக்கு முன்னாடி சொல்லுவோம், "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு". பைக்ல ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்க, நானும் கணக்கு நோட்டு முதல் பக்கத்துல எழுதி வச்சிருந்தேன். ஆனா அதுக்கு முந்துன வசனத்த யாரும் எழுதி வைக்கிறதில்ல, அதுல திருப்தியா இருக்கவும் பட்டினியா இருக்கவும் போதிக்கப்பட்டேன்னு இருக்கு. அந்த "எல்லாம்"ங்கிறதுக்குள்ள பட்டினியும் அடக்கம். ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குறதுக்கு மட்டும் இல்ல, மார்க் குறைஞ்சுட்டா நொறுங்காம இருக்கவும் பெலன் தருவார்னு அர்த்தம். இத நான் எங்க வாலிபர் கூட்டத்துல சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் அலுத்தே போயிருக்கும், இருந்தாலும் இங்கயும் சொல்லாம இருக்க முடியல.

இன்னொண்ணு சொல்லணும், இது கொஞ்சம் கோபமாவே வரும். மனநிறைவுன்னு சொன்ன உடனே நம்ம ஆளுங்க அதப் பொம்பளப் பிள்ளைங்க பக்கமா திருப்பி விட்டுருவாங்க. நான் ப்ளஸ் டூ முடிச்சப்ப சொந்தக்காரங்க ரெண்டு மூணு பேர் வீட்டுக்கு வந்து, பொம்பளப் பிள்ளைக்கு இது போதும், போதுமென்கிற மனது வேணும்னு வேதத்துலயே சொல்லிருக்குன்னு அம்மாகிட்ட வசனமே எடுத்துப் போட்டாங்க. அம்மா ஒண்ணும் பேசல. ஆச்சி தான் உள்ள இருந்து வந்து, "போதும்னு சொல்ல வேண்டியது அவ, நீங்க இல்ல"ன்னா. அன்னைக்கி ராத்திரி தன்னோட சிறுவாட்டுப் பணத்த துணியில முடிஞ்சு வச்சிருந்தத அப்படியே எடுத்து அம்மா கையில குடுத்தா, எனக்கு காலேஜ்ல முதல் ஃபீஸ் கட்டுனது அந்தக் காசு தான். ஆச்சி அஞ்சாங்கிளாஸோட நின்னதுக்கும் யாரோ அவளுக்காக போதும்னு சொன்னது தான் காரணம். போதும்ங்கிறது நாமளா நம்ம வட்டில்ல பாத்து சொல்றது, அடுத்தவங்க வட்டிலப் பாத்து சொன்னா அதுக்குப் பேரு மனநிறைவு இல்ல. இதக் கேட்டுக்கிட்டு இருக்க அண்ணாச்சிமாரு, மாமாமாரு தயவுசெய்து யோசிங்க.

காலேஜ் வாழ்க்கையப் பத்தி நிறைய சொல்லணும்னு இருந்தேன், கடிகாரத்தப் பாத்தா முள்ளு ரொம்ப தூரம் போயிட்டு. சுருக்கமா சொல்லுதேன். அஞ்சாவது செமஸ்டர்ல ரியல் அனாலிசிஸ் பேப்பர்ல எனக்கு அரியர் விழுந்துட்டு. 75க்கு 30 எடுக்கணும், நான் எடுத்தது 24. அதே வாரத்துல கூடப் படிச்ச பிள்ளைக்கு சென்னையில ஐ.டி. கம்பெனியில வேலை கிடைச்சு அவ ஆஃபர் லெட்டர ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தா. நல்ல பிள்ளை, எனக்கு எத்தனையோ நாள் சோறு பங்கு வச்சவ, ஆனா அந்த ஸ்டேட்டஸப் பாத்து என்னால சந்தோசப்பட முடியல, ரெண்டு நாள் அவகிட்ட பேசவே இல்ல. ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தையே வரல. மனரம்மியத்தப் பத்தி மத்தவங்களுக்குச் சொல்றவ நான், எனக்குள்ள அது துளி கூட இல்லன்னு அன்னைக்கித் தெரிஞ்சுது.

ஆச்சிகிட்ட தான் போய்ச் சொன்னேன். அவளுக்கு அரியர்னா என்னன்னு தெரியாது, கேட்டுட்டு, "உனக்கு இப்ப எது குறைச்சலா இருக்கு"ன்னா. நேரம் ஆச்சி, படிக்க நேரமே பத்தலன்னேன். "அப்ப அதுல ஒரு பிடி எடு"ன்னா. எனக்கு கோபம் தான் வந்துச்சு, இருந்தாலும் செஞ்சேன். கோயில் வராண்டாவுல சாயங்காலம் ஒரு மணி நேரம் சின்னப் பிள்ளைங்களுக்கு கணக்குச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சேன், படிச்சு முடிச்ச பிறகு மிச்ச நேரத்துல இல்ல, படிக்க உக்காருறதுக்கு முன்னாடியே. பின்னம் புரியாத ஒரு பையனுக்கு அடையப் பிச்சுப் பிச்சுக் காட்டிப் புரிய வச்சேன், அன்னைக்கி ராத்திரி நல்லா தூங்குனேன், ரொம்ப நாளைக்கி அப்புறம். கூட்டாளிக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன், அவ அழுதா, நானும் அழுதேன். அந்த அரியர் பேப்பரையும் இந்த ஏப்ரல்ல தான் திரும்ப எழுதிருக்கேன். அதுக்கும் ரிசல்ட் வரல. பாஸான பிறகு வந்து சாட்சி சொல்லுன்னு சில பேர் சொன்னாங்க, நான் தான் இப்பவே சொல்லணும்னு நினைச்சேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரலக் காட்டுறாங்க. பாளையங்கோட்டையில அந்தக் காலத்துல இருந்த பிராமண விதவை குளோரிந்தா அம்மாவப் பத்தி பேசணும்னு ஒரு பக்கம் எழுதிட்டு வந்தேன், அது முடியாது போல. ரொம்ப வேகமா சொல்லிருதேன், அவங்க ஞானஸ்நானம் கேட்டப்ப மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதல்ல குடுக்க மாட்டேன்னுட்டார், காத்திருந்து 1778ல தான் கிடைச்சுது, அதுக்கப்புறம் அவங்க முன்னின்னு கட்டுன கோயில் 1785ல இருந்து இன்னும் பாளையங்கோட்டையில நிக்குது, பாப்பாத்தி அம்மாள் கோயில்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க. பரீட்சை நாள்ல பஸ்ஸுக்கு நேரம் இருந்தா நான் அங்க போய் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். சாரா டக்கர் அம்மாவப் பத்தியும் வச்சிருந்தேன், இந்தியாவுக்கே வராத ஒரு அம்மா பேர்ல 1895ல இங்க பொம்பளப் பிள்ளைங்களுக்கு காலேஜ் வந்த கதை, அது இன்னொரு நாளைக்கி.

அடுத்து என்னன்னு கேக்குறவங்களுக்கு, பி.எட். படிக்கலாம்னு இருக்கேன், ரிசல்ட் வந்தா. வரலன்னா திரும்ப எழுதுவேன், எப்படி ஆனாலும் வராண்டா கிளாஸ் நடக்கும். இப்ப பதினோரு பிள்ளைங்க வாறாங்க. ப்ளஸ் டூ முடிச்சிட்டு வீட்டுல இருக்க தங்கச்சிங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, உங்க ஊர் ஸ்கூல் டீச்சர்கிட்ட இன்னைக்கே போய் பேசுங்க, காலேஜ் அட்மிஷன் நேரம் இதுதான்.

ஆச்சி, நீ கேட்டுக்கிட்டு இருப்பன்னு தெரியும். உலை வச்சிருப்ப, அரிசிய எடுத்து வச்சிட்டியா?