அமெரிக்காவும் சோவியத்தும் மோதிக்கவே இல்லையே, அப்புறம் செத்தது யாரு? (கேள்வி பதில்)

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். போன வீடியோல பனிப்போர் பத்தி பேசியிருந்தோம், அதைப் பார்த்துட்டு ஒரு நண்பர் கேட்டிருக்காரு. "சார், அமெரிக்காவும் சோவியத்தும் கடைசி வரைக்கும் நேருக்கு நேர் சண்டையே போடல, அணுகுண்டு பயத்துல ரெண்டு பேரும் அடங்கி இருந்தாங்க, மூணாவது உலகப்போர் வரல, அப்படிப் பார்த்தா அந்தக் காலம் உலகத்துக்கு நல்லதுதானே பண்ணுச்சு, நீங்க ஏன் அதை அழிவுன்னு சொல்றீங்க?"

நல்ல கேள்விங்க, நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. ஆனா அமைதி யாருக்கு இருந்துச்சுன்னு பாருங்க. வாஷிங்டன்ல குண்டு விழல, மாஸ்கோல விழல. கொரியால விழுந்துச்சு, வியட்நாம்ல விழுந்துச்சு, அங்கோலா, நிகரகுவா, ஆப்கானிஸ்தான்னு போய்க்கிட்டே இருக்கும். இதுல வியட்நாம் எல்லாருக்கும் தெரியும். பக்கத்துலயே இருக்குற லாவோஸ் பத்தி யாரும் பேசுறதில்ல, அதனால நான் அதை வெச்சே பதில் சொல்றேன்.

லாவோஸ்னா கடல் கிடையாது, சுத்தி மலை, நெல்லு விவசாயம், 1960கள்ல மொத்த ஜனமே 25 லட்சம் பேர் அளவுதான். அதுல பாதிக்கு மேல கிராமத்து ஜனங்க, அவங்களுக்கு முதலாளித்துவமும் தெரியாது கம்யூனிசமும் தெரியாது. பிரெஞ்சுக்காரங்க போனதுக்கப்புறம் நாட்டுல மூணு கோஷ்டி, மூணுக்கும் தலைவர் ஒரு இளவரசர். நடுநிலைன்னு சொன்னவர் சுவன்னா போமா. கம்யூனிஸ்ட் பக்கம், அதாவது பதேத் லாவோ பக்கம் இருந்தவர் சுபானுவோங். இவங்க ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர், அம்மா வேற வேற. வலதுசாரி பக்கம் தெற்கு லாவோஸ்ல இருந்து வந்த பூன் ஊம். வெளி ஆளுங்க கைய வெக்காம இருந்திருந்தா இவங்க உக்காந்து பேசி எப்படியோ ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்கன்னுதான் நான் நினைக்கிறேன், ஏன்னா 1957ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கூட்டணி அரசாங்கமே அமைச்சாங்க.

ஆனா விடல. 1954லயே அமெரிக்க அதிபர் ஐசனோவர், ஒரு நாடு கம்யூனிஸ்ட் ஆனா பக்கத்து நாடெல்லாம் வரிசையா விழுந்துடும்னு பேசிட்டாரு. அந்தப் பயத்துல லாவோஸ் ராணுவத்துக்கு ஆகுற மொத்த செலவையும் அமெரிக்காவே குடுத்துச்சு, சம்பளம் உட்பட. இங்கதான் ஒரு விஷயம் கவனிங்க, 1960 ஆகஸ்ட்ல காங் லேன்னு ஒரு கேப்டன், 26 வயசு, அமெரிக்கா ட்ரெயினிங் குடுத்த பாராசூட் படைக்காரர், லாவோஸ்காரனை லாவோஸ்காரன் கொல்றது போதும், நாங்க எந்தப் பக்கமும் இல்லன்னு சொல்லி தலைநகர் வியன்டியானைப் பிடிச்சாரு. அவர் கேட்டது நடுநிலை மட்டும்தான். அமெரிக்கா வலதுசாரி ஜெனரலுக்கு ஆயுதம் குடுத்து காங் லேவை அடிச்சு விரட்டுச்சு, டிசம்பர்ல ஊருக்குள்ளயே பீரங்கி சண்டை நடந்துச்சு. அதே மாசம் சோவியத்தும் விமானம் விமானமா ஆயுதம் கொண்டு வந்து காங் லே படைக்கும் பதேத் லாவோவுக்கும் இறக்குச்சு. நடுவுல நிக்கிறேன்னு சொன்ன ஒரு மனுஷனை நாலே மாசத்துல ஒரு பக்கத்துக்குத் தள்ளிட்டாங்க. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அவ்வளவு கோவம் வருது.

1961 ஜனவரில ஐசனோவர் பதவியை விட்டுப் போறதுக்கு முந்தின நாள், அடுத்த அதிபரா வர்ற கென்னடிகிட்ட உக்காந்து பேசினப்ப பெரிய விஷயமா சொன்னது லாவோஸைத்தான். அதே வருஷம் ஜூன்ல வியன்னால கென்னடியும் சோவியத் தலைவர் குருஷேவும் சந்திச்சாங்க, பெர்லின் பத்தி சண்டை, அணு சோதனை பத்தி சண்டை, ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் லாவோஸ் நடுநிலையா இருக்கட்டும்னு. 1962 ஜூலை 23ல ஜெனீவால 14 நாடு கையெழுத்து போட்டுச்சு, வெளிநாட்டுப் படை எல்லாம் வெளிய போகணும். அதைக் கண்காணிக்கிற கமிஷனுக்குத் தலைமை நம்ம இந்தியா, கூட கனடாவும் போலந்தும். அமெரிக்க ராணுவ ஆளுங்க 666 பேர் செக்பாயிண்ட் வழியா வெளிய போனாங்க. கம்யூனிஸ்ட் வட வியட்நாம் பக்கம் ஆயிரக்கணக்குல படை லாவோஸ்ல இருந்துச்சு, செக்பாயிண்ட்ல கணக்குக்கு வந்தது 40 பேரு. மீதி பேர் அங்கயே இருந்தாங்க, எங்க ஆளு யாருமே அங்க இல்லன்னு ஹனோய், அதாவது வட வியட்நாம் அரசாங்கம், அடிச்சு சொல்லுச்சு. ஏன்னா தெற்கு வியட்நாம்ல சண்டை போட வட வியட்நாம் ஆளும் ஆயுதமும் அனுப்புன ஹோ சி மின் பாதை கிழக்கு லாவோஸ் வழியாத்தான் போச்சு, சோவியத் ஆயுதமும் சீன ஆயுதமும் அந்தப் பாதைலதான் போச்சு.

அமெரிக்கா என்ன பண்ணுச்சுன்னா, ஒப்பந்தத்தை மீறினதா பேர் வரக்கூடாது, அதனால ராணுவத்துக்குப் பதிலா அவங்க உளவு அமைப்பு சிஐஏவை இறக்குச்சு. மலைல வாழுற ஹ்மாங் மக்களைத் திரட்டி, வாங் பாவ்னு ஒருத்தரைத் தளபதியாக்கி, லாங் தியெங்னு மலைப் பள்ளத்தாக்குல ரகசியமா ஒரு விமான தளம். அந்த ஊர் பேரை மேப்லயே போடல. சண்டைல ஆம்பளைங்க செத்து செத்து கடைசில 13, 14 வயசுப் பசங்க கைல துப்பாக்கி குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஒப்பந்தத்தைக் காட்டி ஒரே பொய்யை சொன்னாங்க, அந்தப் பொய்க்கு உயிரைக் குடுத்தது லாவோஸ் ஜனங்க.

இப்ப குண்டுக்கு வர்றேன், நண்பர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான். 1964ல இருந்து 1973 வரைக்கும் அமெரிக்க விமானங்க லாவோஸ் மேல 5,80,000 தடவை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டுச்சு. சராசரி பார்த்தா ஒன்பது வருஷம், ராத்திரி பகல்னு 8 நிமிஷத்துக்கு ஒரு விமானம். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனி மேலயும் ஜப்பான் மேலயும் போட்ட மொத்தத்தை விட இது அதிகம்னு 2016ல ஒபாமாவே வியன்டியான்ல நின்னு சொன்னாரு. அதுக்கு முன்னாடி பதவில இருக்குற எந்த அமெரிக்க அதிபரும் அந்த நாட்டுக்குப் போனதில்ல. 1968 நவம்பர்ல இருந்து வட வியட்நாம் மேல குண்டு போடுறதை நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க, உலகமே சந்தோஷப்பட்டுச்சு, ஆனா சும்மா இருந்த விமானங்களைத் திருப்பி லாவோஸுக்கு விட்டாங்க. அதே மாசம் 24ஆம் தேதி சியெங் குவாங் மாகாணத்துல தாம் பியூன்னு ஒரு குகை, அதுக்குள்ள குண்டுக்கு பயந்து குடும்பம் குடும்பமா ஒளிஞ்சிருந்தாங்க, குகை வாசல் வழியா ராக்கெட் உள்ள போச்சு. 374 பேர் செத்தாங்கன்னு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க.

அப்ப கம்யூனிஸ்டுங்க நல்லவங்களான்னு கமெண்ட்ல கேப்பீங்க. இல்லைங்க. 1975 டிசம்பர்ல பதேத் லாவோ ஆட்சிக்கு வந்ததும் எதிர்பக்கம் இருந்த ஆயிரக்கணக்கான பேரை மறுகல்வின்னு சொல்லி மலைக்காட்டு முகாம்ல அடைச்சாங்க, பதவி விலகின ராஜா சவாங் வத்தானாவையும் 1977ல குடும்பத்தோட கொண்டு போனாங்க, அவர் அங்கயே செத்தாரு. ஹ்மாங் மக்களை அமெரிக்கா 1975 மே மாசமே அப்படியே விட்டுட்டுப் போயிருச்சு, தளபதிங்களையும் கொஞ்சம் குடும்பத்தையும் மட்டும் விமானத்துல ஏத்துனாங்க, மத்தவங்க நடந்தே போய் மேகாங் ஆத்தைத் தாண்டி தாய்லாந்து போனாங்க, ஆத்துலயே செத்தவங்க எத்தனையோ பேர். மொத்த நாட்டுல பத்துல ஒரு பங்கு ஜனம் வெளிய போயிருச்சு.

அமெரிக்கா லாவோஸ் மேல போட்டதுல 27 கோடி, கொத்துக்குண்டுக்குள்ள இருந்து சிதறுற சின்ன குண்டுங்க. டென்னிஸ் பந்து சைஸ்ல இருக்கும், அங்க அதை பாம்பின்னு சொல்லுவாங்க. அதுல 30 சதவீதம் வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட 8 கோடி வெடிக்காம மண்ணுக்குள்ளயே தங்கிருச்சு. போர் முடிஞ்சதுக்கப்புறம் மட்டும் செத்தவங்க, கை கால் போனவங்க எல்லாம் சேர்த்து 20,000 பேருக்கு மேல. பந்துன்னு எடுத்து விளையாடுன குழந்தைங்க, மண்வெட்டி போட்ட விவசாயிங்க, மண்ணு மேல அடுப்பு மூட்டி சமைச்ச அம்மாங்க. வயல் இருந்தும் உழ முடியாது, ஸ்கூல் கட்டணும்னா முதல்ல குண்டு தேடணும். 1991ல சோவியத்தே இல்லாம போச்சு, அந்தக் குண்டு இன்னும் அங்கதான் இருக்கு. சுத்தம் பண்ண மூணு வருஷத்துக்கு 9 கோடி டாலர் தர்றோம்னு ஒபாமா சொன்னாரு, வேலை நடக்குது, ஆனா இன்னும் பல தலைமுறை ஆகும்.

கொத்துக்குண்டைத் தடை பண்ணணும்னு 2008ல ஆஸ்லோல கையெழுத்தான ஒப்பந்தத்துல லாவோஸ் முதல்லயே சேர்ந்துச்சு, அந்த ஒப்பந்த நாடுங்களோட முதல் கூட்டமே 2010ல வியன்டியான்லதான் நடந்துச்சு. அமெரிக்கா சேரல, ரஷ்யா சேரல, சீனாவும் சேரல, வருத்தத்தோட சொல்றேன், இந்தியாவும் சேரல. உக்ரைன் போர்ல ரஷ்யா அதே மாதிரி குண்டை போட்டுச்சு, 2023ல அமெரிக்காவும் உக்ரைனுக்கு அதை அனுப்புச்சு. அந்த வயல்லயும் நாளைக்கு யாரோ உழணும்ல.

கியூபா ஏவுகணை பத்தி இன்னொருத்தர் கேட்டிருக்காரு, அடுத்து அதைப் பார்ப்போம்.